அது நார்மல் சார்

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்களிடம் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான்: "அது நார்மல் சார்." புது மெஷின், இன்னும் ஒரு ஃபைலைக்கூடத் திறக்கவில்லை, ஆனால் நெட் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். திரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் வரும். பேக்கிரவுண்டுல ஏதாச்சும் அப்டேட் ஓடும், அது நார்மல் சார். எந்த அப்டேட்? எங்கே போகிறது? எவ்வளவு? எப்போது நிற்கும்? நாலு கேள்விக்கும் சேர்த்து அந்த ஒரே பதில்தான்.

இந்த 'நார்மல்' என்ற சொல்லோடு எனக்குத் தீராத சண்டை. அது எதையும் விளக்குவதில்லை. எல்லார் வீட்டிலும் இப்படித்தான் நடக்கிறது, அதனால் நீ கேட்காதே என்கிறது, அவ்வளவுதான்.

வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகும் ஈபி மீட்டர் ஓடினால் நாம் என்ன செய்வோம்? எலக்ட்ரீஷியன் வந்து "அது நார்மல்ணே" என்று சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்பினால் விட்டுவிடுவோமா? ஃபியூஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கச் சொல்வோம். மாடி மோட்டார் லைனா, குளியலறை ஹீட்டரா, சுவருக்குள் எங்காவது ஒயர் கசிகிறதா, பக்கத்து வீட்டுக்காரர் நம் கம்பியில் கை வைத்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் ஓய்வோம். பால்காரர் ஒரு நாள் வராவிட்டால் காலண்டரில் அந்தத் தேதியைச் சுழித்து வைக்கிற சாதி நாம். மாசக் கடைசியில் அரை லிட்டருக்குக் கணக்குப் பேசுகிறவர்கள். அதே வீட்டில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி காசு கொடுத்து வாங்கி, அதில் முக்கால்வாசி எங்கே போனதென்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டு இருக்கிறோம்.

வாயை மூடிக்கொண்டு இருக்கிறோம் என்பதுகூடச் சரியில்லை. வீட்டுக்குள் நன்றாகவே வாயைத் திறக்கிறோம். அதைத்தான் சொல்ல வந்தேன்.

போன வருஷம் சாத்தூரில் என் அக்கா மகள் காலேஜில் சேர்ந்தாள். லேப்டாப் வாங்கினார்கள். கம்பெனி பேர் எதுக்கு, எந்தக் கம்பெனியாக இருந்தாலும் கதை பெரிதாக மாறியிருக்காது. அந்த வீட்டில் வைஃபை கிடையாது. அக்காவின் போனில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி பேக், அதிலிருந்து ஹாட்ஸ்பாட். ராத்திரி பதினோரு மணிக்கு அவள் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டுப் படுத்துவிடுவாள். போன் சார்ஜில் கிடக்கும். ஹாட்ஸ்பாட்டை அணைக்க யாருக்கும் தோன்றாது. பன்னிரண்டு மணிக்குப் புது நாள் டேட்டா ஏறும். காலையில் அக்கா எழுந்து பார்த்தால், இன்றைய டேட்டாவில் பாதி தீர்ந்துவிட்டது என்று எஸ்எம்எஸ் வந்து கிடக்கும். வந்த நேரம் ராத்திரி 2:40.

"ரெண்டே முக்கா மணிக்கு என்னத்தடி பாத்துக்கிட்டு இருந்த?"

தூங்கினேன் என்றாள். நம்பவில்லை. எஸ்எம்எஸ் இருக்கிறதே. கம்பெனிக்காரன் பொய் சொல்வானா? மூன்று நாள் அதே நேரத்துக்கு அதே எஸ்எம்எஸ். அத்தான் ஒன்றுமே கேட்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது அதைவிட மோசம். நாலாம் நாள் லேப்டாப் பீரோவுக்குள் போய்விட்டது. வாங்கின கடையில் விசாரித்தார்கள். கடைப்பையன் முதலில் "அது நார்மல்க்கா" என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு இரண்டாவது வாக்கியம் ஒன்று சொன்னான்: "பாப்பா ஏதாச்சும் டவுன்லோடு போட்டிருக்கும், பாத்துக்கோங்க."

உதவி எண்ணுக்கும் போன் போட்டார்கள். அந்த அம்மா மிக மரியாதையாகப் பேசி, கம்ப்யூட்டரை ரீசெட் பண்ணிப் பாருங்கள் என்றார். ரீசெட் பண்ணினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து திரும்ப இறக்கும் என்பது அவர் கையிலிருந்த தாளில் எழுதியிருக்கவில்லை போல.

அவள் எனக்குப் போன் பண்ணினாள். "மாமா, நான் ஒண்ணும் பாக்கல மாமா. அம்மா நம்ப மாட்டேங்குறாங்க. நீங்க வந்து சொல்லுங்க."

ஒன்றைப் பார்த்ததை நிரூபிக்கலாம். பார்க்கவில்லை என்பதை எப்படி நிரூபிப்பது? அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். போனில், ஹாட்ஸ்பாட் வழியாக எவ்வளவு போனது என்று தனிக் கணக்கு இருக்கும். லேப்டாப்பிலும் எந்த மென்பொருள் எவ்வளவு தின்றது என்று ஒரு பட்டியல் இருக்கும், அமைப்புகளுக்குள் நாலு கதவு தாண்டிப் போக வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். முதலிடத்தில் சிஸ்டம் அப்டேட். அடுத்து, அவள் ஒருமுறைகூடத் திறக்காத, வாங்கும்போதே உள்ளே உட்கார்ந்திருந்த விளையாட்டுகளும் செயலிகளும். அடுத்து, போனிலிருந்து அவள் மாற்றி வைத்த படங்களை ஆகாயத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்த சேமிப்புச் சேவை. முதல் நாள் 'அடுத்து, அடுத்து' என்று அழுத்தும்போதே அது தானாகச் சேர்ந்திருக்கிறது. பிறகு, முப்பது நாள் இலவசமென்று வந்த ஆன்டிவைரஸ். பிறகு, லேப்டாப் கம்பெனியின் சொந்த 'உதவியாளர்'. பிரவுசர் ஆறாவது இடத்தில் இருந்தது. மூடி வைத்தாலும் அந்த லேப்டாப் முழுசாகத் தூங்கவில்லை. இப்போது வருகிற மாடல்கள் பலவும் அப்படித்தான், மூடிக்குள் நெட்டைப் பிடித்துக்கொண்டு அரைத்தூக்கத்தில் கிடக்கும்.

அக்காவுக்கு வரிவரியாகக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப அந்தக் கம்பெனிக்காரன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல தம்பி?" மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய், துணி அடுக்குவது போல லேப்டாப்பின் சார்ஜரைச் சுற்றி மேஜையில் வைத்தாள்.

எனக்கு ஆறாதது வேறு. தன் மேல் தப்பில்லை என்று காட்ட ஒரு பதினெட்டு வயசுப் பெண் தன் கம்ப்யூட்டரை மாமன் கையில் கொடுக்க வேண்டியிருந்தது. அவள் எந்தெந்தத் தளத்துக்குப் போனாள் என்ற பட்டியலும் அதற்குள்தான் இருக்கிறது. நான் அதைத் திறக்கவில்லை. திறக்கிற மாமன்கள் உண்டு. அந்த ஊரில் மாமன் இல்லாத, கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் இல்லாத வீடுகள்தான் அதிகம். அங்கெல்லாம் லேப்டாப் இன்னும் பீரோவுக்குள் இருக்கும். கம்பெனி சொல்லாமல் விட்ட கணக்குக்கு வீட்டிலேயே சின்னவர் எவரோ அவர் பொறுப்பு. பெரும்பாலும் பெண் பிள்ளை.

சரி, தானாகக் கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்கலாம். ஓரளவு முடியும். ஆனால் எவ்வளவு தூரம் முடியும் என்று தெரிந்துகொள்வது முக்கியம்.

முதலில் ரௌட்டர் விளக்கை நம்பாதீர்கள். எல்லா மெஷினையும் அணைத்தாலும் அது மினுக்கும். ரௌட்டர் தன் பாட்டுக்குத் தன் கம்பெனியோடு பேசும். வெளியிலிருந்து ஊர்பேர் தெரியாத இயந்திரங்கள் கதவைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். மினுக்குவது அளவு இல்லை. அளவு வேண்டுமென்றால் எண்ணிக்கை பார்க்க வேண்டும். வீட்டில் மற்ற போன்களையும் டிவியையும் துண்டித்துவிட்டு, புது கம்ப்யூட்டர் ஒன்றை மட்டும் வைத்து, ஒரு மணி நேரம் எதையும் தொடாமல் இருந்து, போனது எவ்வளவு வந்தது எவ்வளவு என்று குறித்துக்கொள்வதுதான் ஆரம்பம். போனது, வந்தது இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பது ரொம்ப அவசியம். வந்தது அதிகமென்றால் பெரும்பாலும் அப்டேட். போனது அதிகமென்றால் அடுத்த கேள்வி ஆரம்பம்.

பிறகு நெட்ஸ்டாட் என்று ஒரு பழைய கட்டளை உண்டு. கறுப்புத் திரையில் தட்டினால், இந்த நொடியில் உங்கள் கம்ப்யூட்டர் யார் யாரோடு தொடர்பில் இருக்கிறது என்று வரிசையாகக் கொட்டும். பெயர் இருக்காது, எண்கள் இருக்கும். அந்த எண்ணின் சொந்தக்காரர் யார் என்று தேடினால் அகமாய், அமேசான், கிளவுட்ஃபிளேர் என்று வரும். ஆகா, அமேசான் என்னை வேவு பார்க்கிறது என்று உடனே கிளம்பிவிடாதீர்கள். இவர்கள் கொரியர் ஆபீஸ் மாதிரி. ஆயிரம் கம்பெனிகள் இவர்களின் இடத்தை வாடகைக்கு எடுத்து அங்கிருந்து அனுப்புகின்றன. பார்சலின் மேல் கொரியர்காரர் முத்திரைதான் தெரியும், அனுப்பியவர் யார் என்று தெரியாது.

உள்ளே எந்த மென்பொருள் அந்தத் தொடர்பைத் திறந்தது என்று பார்த்தால், விண்டோஸில் பாதி இடத்தில் எஸ்விசிஹோஸ்ட் என்று நிற்கும். அது ஒரு பொதுப்பெயர். நேரம் பார்ப்பது, அப்டேட் இறக்குவது, நோட்டிபிகேஷன் கேட்பது என்று பத்துப்பதினைந்து வேலையாட்கள் அந்த ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு திரிவார்கள். உள்ளே இருப்பது யாரென்று பார்க்க இன்னொரு கட்டளை வேண்டும்.

இன்னும் ஆழமாகப் போக வயர்ஷார்க் இருக்கிறது. 1998இல் ஜெரால்ட் கோம்ப்ஸ் என்பவர் ஈத்தரியல் என்ற பெயரில் வெளியிட்டது, 2006இல் பெயர் மாறியது, இலவசம். கம்பியில் போகும் ஒவ்வொரு பொட்டலத்தையும் பிடித்துக் காட்டும். அதில் உட்கார்ந்து பார்த்தால் பாதி மர்மம் உண்மையிலேயே கலைந்துவிடும். இது கடிகாரத்தைச் சரிபார்க்கிறது, இது நெட் இருக்கிறதா என்று ஒரு சின்னக் கோப்பை எடுத்துப் பார்க்கிறது, இது ஒரு தளத்தின் பெயரை எண்ணாக மாற்றக் கேட்கிறது. எல்லாம் துளித்துளி. இவற்றை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பெரிய பொட்டலங்களுக்கு வரும்போது கதவு மூடிக்கொள்ளும். எல்லாம் மறையாக்கம் செய்யப்பட்டவை. உறை தெரியும், எடை தெரியும், கடிதம் தெரியாது. இந்தப் பூட்டு நல்லதற்குத்தான், திருடனிடமிருந்து நம்மைக் காக்கிறது. கூடவே, நம் வீட்டிலிருந்து நம் செலவில் போகும் கடிதத்தை நாமே படிக்க முடியாமலும் செய்கிறது. வேலை தெரிந்த ஆள் முழு நாள் உட்கார்ந்தாலும் இந்த இடத்தைத் தாண்ட முடிவது அபூர்வம். அப்புறம் சாத்தூர் கடைப்பையனைக் குற்றம் சொல்லி என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். முதல் வாக்கியத்துக்காக நான் அவனைக் குற்றம் சொல்லவில்லை. இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான்.

இனி கம்பெனிகள் பக்கம். அப்டேட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை உலகம் முழுக்க மருத்துவமனைகளையும் ஆலைகளையும் முடக்கியபோது, அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்னாடியே, மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள். ஆகவே அப்டேட் ஓடட்டும், சந்தோஷம். என் சண்டை கணக்கு சொல்லாமல் ஓடுவதோடு மட்டும்தான். அப்டேட் என்ற நல்ல பேருக்குப் பின்னால் என்னென்ன ஒளிந்து வந்திருக்கின்றன என்பதற்கு ஊரறிந்த சாட்சிகள் இருக்கின்றன.

2015இல் விண்டோஸ் 10 வந்தபோது, விரும்பிக் கேட்காதவர்களின் கம்ப்யூட்டரிலும் பல ஜிபி அளவுள்ள நிறுவல் கோப்புகள் முன்கூட்டியே இறங்கின. இறங்கியதை மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டது. மேம்படுத்தும்போது சுலபமாக இருக்குமே என்றது. கலிபோர்னியாவில் பயண ஏற்பாட்டுத் தொழில் நடத்திய ஒரு பெண், தானாகத் தொடங்கிய மேம்பாட்டால் தன் கம்ப்யூட்டர் உருப்படாமல் போனது என்று வழக்குப் போட்டு 10,000 டாலர் வாங்கினார். அதே விண்டோஸில் இன்னொரு ஏற்பாடு. உங்கள் கம்ப்யூட்டர் இறக்கிய அப்டேட்டின் துண்டுகளை, நெட்டில் இருக்கும் முன்பின் தெரியாதவர்களின் கம்ப்யூட்டர்களுக்கும் உங்கள் இணைப்பு வழியாகவே ஏற்றி அனுப்பும். வெளிவந்தபோது வீட்டுப் பதிப்பில் இது இயல்பாகவே திறந்திருந்தது. பெரிய நிறுவனங்களுக்கான பதிப்பில் சொந்த வலைக்குள் மட்டும். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே! சர்வர் செலவு மிச்சம் அவர்களுக்கு, பேக் தீர்வது நமக்கு.

2016 ஜூலையில் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், விண்டோஸ் 10 தேவைக்கு மேல் தகவல் திரட்டுகிறது என்று மைக்ரோசாஃப்ட்டுக்கு நோட்டீஸ் கொடுத்தது. அடுத்த ஆண்டு ஜூனில் வழக்கை முடித்துக்கொண்டபோது ஆணையமே சொன்ன விஷயம் எனக்கு மறக்கவே மறக்காது: அடிப்படை நிலையில் திரட்டப்படும் தகவலின் அளவைக் கம்பெனி கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்துவிட்டது. பாதி! அதுவரை எல்லாமே அத்தியாவசியம் என்று சொல்லப்பட்டது. ஒரு அரசு கணக்குக் கேட்டதும் அதில் பாதி இல்லாமலேயே கம்ப்யூட்டர் ஓடியது. அதே 2017இல் நெதர்லாந்து ஆணையமும் சட்டமீறல் என்று சொன்னது. அதற்குப் பிறகு 2018இல், என்னென்ன தகவல் போகிறது என்று நாமே பார்க்க ஒரு கருவியை விண்டோஸில் சேர்த்தார்கள். அதைத் திறந்து பார்த்திருக்கிறேன். நிரலாளர்களுக்கான அடைப்புக்குறிகளும் குறியீடுகளும் பக்கம் பக்கமாக ஓடும். என் அக்கா அதைப் படித்து மகளை விடுதலை செய்ய வேண்டும் என்றால், முதலில் அவள் ஒரு பட்டம் வாங்க வேண்டும்.

இன்றும் வீட்டு விண்டோஸில் 'தேவையான' தகவல் அனுப்புதலை அணைக்கும் சுவிட்ச் கிடையாது. நிறுவனப் பதிப்பிலும் கல்விப் பதிப்பிலும் உண்டு. ஐரோப்பாவில் 2024இல் புதுச் சட்டம் அமலானதும், அங்கே இருப்பவர்கள் மட்டும் எட்ஜ் பிரவுசரை நீக்கிக்கொள்ளலாம், பிங் தேடலை எடுத்துவிடலாம் என்று ஆனது. அதே மென்பொருள்தான். தொழில்நுட்பத்தில் முடியாது என்று இத்தனை வருஷம் சொல்லப்பட்டதெல்லாம், நீங்கள் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து முடிகிறது.

புது கம்ப்யூட்டர் என்றாலே சுத்தமானது என்ற நம்பிக்கையும் ஒன்று இருக்கிறது. பெட்டியைப் பிரித்த வாசனை செய்கிற மாயம். 2014இலும் 2015 தொடக்கத்திலும் லெனோவோ விற்ற சில லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் கடையிலிருந்து வரும்போதே உள்ளே இருந்தது. பூட்டுப் போட்ட வங்கித் தளத்துக்கும் உங்களுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும் வகையில் தன் சொந்தச் சான்றிதழை அது பதித்து வைத்திருந்தது. அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு 2017இல் சமரசத்துக்கு வந்தார்கள். அதே ஆண்டில், வாங்கியவர்கள் பார்க்கும் நிகழ்ச்சிகளை நொடிக்கு நொடி குறித்து அனுப்பிய விசியோ டிவி கம்பெனி 22 லட்சம் டாலர் கட்டியது. அந்தந்த வீடுகளில் யாராவது "டிவி ஏன் நெட்டைத் தின்னுது" என்று கேட்டிருப்பார்கள். யாராவது "அது நார்மல்" என்றும் சொல்லியிருப்பார்கள்.

இங்கே ஆப்பிள் நண்பர்கள் மெல்லச் சிரிப்பது கேட்கிறது. 2020 நவம்பர் 12 ஞாபகம் இருக்கிறதா? பிக் சர் வெளியான அன்று உலகம் முழுக்க மேக் கம்ப்யூட்டர்களில் செயலிகள் திறக்க மறுத்து முழித்தன. ஆப்பிளின் ஒரு சர்வர் திணறியதுதான் காரணம். செயலிகளைத் திறக்கும்போது அவற்றின் சான்றிதழ் செல்லுமா என்று மேக் தாய்வீட்டுக்குக் கேட்டு அனுப்புகிறது என்பது பலருக்கு அன்றுதான் தெரியும். அதுவும் மறையாக்கம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. சர்வர் கெட்டதால் தெரிந்தது, நன்றாக இருந்திருந்தால் இன்றும் நமக்குத் தெரிந்திருக்காது.

லினக்ஸ் அன்பர்களே, உங்களையும் விடுவதாக இல்லை. நானும் பாதி நேரம் அங்கேதான் குடியிருக்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன். 2012 அக்டோபரில் வந்த உபுண்டுவில், சொந்தக் கம்ப்யூட்டருக்குள் ஒரு ஃபைலைத் தேடத் தட்டிய எழுத்துகள் வெளியே போய் அமேசான் பொருட்களோடு திரும்பி வந்தன. ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை ஒற்றுமென்பொருள் என்றே வைதார். 2016 பதிப்பில்தான் அது இயல்பாக அணைந்தது. எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் கணக்கு கேட்கிற வேலை மிச்சம் இருக்கிறது. "லினக்ஸ் போடுங்க" என்பது சாத்தூர் அக்காவுக்குச் சொல்கிற பதிலும் ஆகாது.

நம் இலக்கிய வட்டாரத்துக்கு வருகிறேன். கண்காணிப்பைப் பற்றி எழுதாதவர் இங்கே யார்? கதையில் ஒரு கேமரா, கவிதையில் ஒரு கண், கட்டுரையில் கட்டாயம் ஃபூக்கோ. பெந்தாமின் வட்டச் சிறை, நடுவில் கோபுரம், கோபுரத்தில் ஆள் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத கைதி. ஆர்வெல்லின் சுவர்த்திரையும் கூடவே வந்துவிடும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கோபுரப் படிமம் ஒரு பெரிய கெடுதல் செய்கிறது. எதிரி அவ்வளவு பெரியவன், எங்கும் இருப்பவன், ஆகவே நாம் நடுங்கலாம், நடுங்குவதை அழகாக எழுதலாம், அதோடு முடிந்தது. தன் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு மணி நேரத்தில் எத்தனை எம்பி வெளியே அனுப்பியது என்று எழுத்தாள நண்பர்கள் ஐந்து பேரிடம் கேட்டேன். ஐந்து பேருக்கும் தெரியாது. மூன்று பேருக்கு அந்தக் கேள்வியே அற்பமாகப் பட்டது. அதிகாரத்தின் நுண்ணிய வலைப்பின்னலைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியவர், "அதெல்லாம் டெக்னிக்கல் மேட்டர்" என்றார்.

சாத்தூரில் அந்தப் பெண்ணை யார் கண்காணித்தது? கோபுரத்தில் யாரும் இல்லை. கம்பெனிக்கு அவள் யாரென்றே அக்கறை இல்லை. பழுதுப் பதிவுகளும் அப்டேட் கோப்புகளும் போய்வந்துகொண்டிருந்தன, அவ்வளவுதான். கண்காணித்தது அவளுடைய அம்மா. அம்மாவின் கையில் சாட்சியாக இருந்தது, காரணம் சொல்லாத ஒரு எஸ்எம்எஸ். பாதி உண்மையை மட்டும் சொல்லுகிற மீட்டர் ஒன்றை ஒரு குடும்பத்தின் நடுவில் வைத்தால், மிச்சப் பாதியைக் குடும்பம் தன் பழைய சந்தேகங்களை வைத்து நிரப்பிக்கொள்ளும். இதை எழுத ஃபூக்கோ வேண்டாம், நம் வீட்டுக் கூடம் போதும். யாராவது கதையாக எழுதுங்களேன் என்று கேட்கிறேன்.

இன்னொரு கூட்டம் உண்டு. "எங்கிட்ட மறைக்க ஒண்ணும் இல்லையே, போனா போகட்டும்" என்பார்கள். மறைக்க ஒன்றும் இல்லாத பெண்ணைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறேன். இவர்களுக்கு நேரெதிர் கோஷ்டி வாட்ஸ்அப்பில் இருக்கிறது. எதுவாக இருந்தாலும் சீனாக்காரன், ஹேக்கர், வைரஸ். உடனே ஒரு இலவச 'கிளீனர்' மென்பொருளை இறக்கிப் போடச் சொல்வார்கள். அதுவரை இல்லாத வைரஸ் அதோடு வந்து சேரும். இரண்டு கோஷ்டியும் செய்கிற ஒரே காரியம், அளந்து பார்க்காமல் இருப்பது.

சட்டம் என்ன சொல்கிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொல்லியாகிவிட்டது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் ஐந்தாவது பிரிவில், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி எதிலுமோ படிக்க வழி இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அட்டவணையில் 22 மொழிகள், அதில் தமிழ் உண்டு. சட்டத்திலேயே தமிழுக்கு இப்படி ஒரு இடம் கிடைத்திருக்கிறது. மொழிக்காகக் கொடி பிடிக்கிறவர்கள் இதைக் கையில் எடுத்து நான் பார்க்கவில்லை. ஆனால் இதே சட்டத்தில், பொய்யான அல்லது அற்பமான புகார் கொடுத்தால் புகார் கொடுத்தவருக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் என்றும் இருக்கிறது. எது அற்பம் என்று யார் முடிவு செய்வது? ஒரு நாளைக்கு முக்கால் ஜிபி காணாமல் போவது டெல்லியில் அற்பமாக இருக்கலாம். அது எஸ்எம்எஸ்ஸாக அதிகாலையில் சாத்தூரில் வந்து விழும்போது அற்பமாக இருக்கவில்லை.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. முதல் தடவை கம்ப்யூட்டரைத் தொடங்கும்போது ஒரே ஒரு பக்கம், தமிழில். இந்த வாரம் இந்த மெஷின் தானாக இவ்வளவு இறக்கும், இவ்வளவு ஏற்றும், இந்த இந்த மென்பொருளுக்காக, ராத்திரியிலும் நடக்கும், இங்கே தொட்டால் நிற்கும். பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு வரி: இன்று நீங்கள் பயன்படுத்தியது இவ்வளவு, நாங்கள் பயன்படுத்தியது இவ்வளவு. இந்த இரண்டு எண்ணும் தனித்தனியாக அவர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. காட்டினால் யார் பில்லில் யார் சாப்பிடுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், அதனால் காட்டுவதில்லை. எஸ்எம்எஸ் அனுப்புகிற டெலிபோன் கம்பெனியும் அதேபோல, "பாதி முடிந்தது" என்பதோடு நிறுத்தாமல், அதில் ஹாட்ஸ்பாட் வழியாகப் போனது எவ்வளவு என்று போனே வைத்திருக்கும் கணக்கை எங்கே பார்க்கலாம் என்று ஒரு வரி சேர்க்கலாம்.

அதுவரை செய்ய முடிந்தவை சில்லறை வேலைகள். புது லேப்டாப்பை முதல் முறை ஹாட்ஸ்பாட்டில் இணைத்த உடனே, அந்த இணைப்பை 'அளவுள்ள இணைப்பு' என்று அமைப்புகளில் குறித்துவிடுங்கள். பெரிய அப்டேட்டுகள் பெரும்பாலும் காத்திருக்கும். அவற்றை வாரம் ஒருநாள் நல்ல வைஃபை உள்ள இடத்தில் வைத்து இறக்குங்கள். திறக்காத செயலிகளை நீக்குங்கள். படம் ஏற்றும் சேவையை நிறுத்துங்கள், வேண்டுமென்றால் நீங்களே திறந்துகொள்ளலாம். படுக்கும்போது மூடி மட்டும் போடாமல் முழுசாக அணையுங்கள், ஹாட்ஸ்பாட்டையும் அணையுங்கள்.

பழுது பார்க்க வருகிற தம்பியிடம் சண்டைக்குப் போகாதீர்கள். எந்த மென்பொருள், எத்தனை எம்பி, போனதா வந்ததா என்று மட்டும் கேளுங்கள். தெரியாது என்று சொன்னால் அது நேர்மையான பதில், டீ வாங்கிக் கொடுங்கள். "பாப்பா ஏதாச்சும்..." என்று ஆரம்பித்தால் மட்டும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.